ஆமா சொல்கிறவன் கேட்ட கேள்வி

வில்லுப்பாட்டில் என் வேலை "ஆமா" சொல்வது.

மும்பை தாராவியில் எங்கள் தெரு அம்மனுக்கு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கொடைத் திருவிழா நடக்கும். பன்னிரண்டு மணிக்கு உச்சிப் பூஜை. அதற்கு முன்னால் அம்மனின் கதையை வில்லில் பாடுவோம். நடுவில் மணிகள் கட்டிய வில்லை முன்னால் வைத்துக்கொண்டு, அதைத் தட்டும் வீசுகோலோடு புலவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வலது பக்கம் குடம் அடிப்பவரும் உடுக்கை அடிப்பவரும். இடது பக்கம், மேடையின் ஓரத்தில், கையில் ஒரு ஜோடி ஜால்ராவோடு நான்.

புலவர் "அந்த ஊரிலே அண்ணன்மார் ஏழு பேரு" என்பார். நான் "ஆமா" என்பேன். "ஏழு பேருக்கும் ஒத்தைத் தங்கச்சி" என்பார். நான் "ஒத்தைத் தங்கச்சி" என்பேன். இப்படியே ஒன்றரை மணி நேரம் போகும்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் ஒரு காரணம் என்றால், எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொல்லுவார்களே என்ற பயம் இன்னொரு காரணம். அப்படிப்பட்டவன் எப்படி மேடையில் ஏறினேன் என்று கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால் ஆமா சொல்கிறவர் வேலை மாறி சூரத்துக்குப் போய்விட்டார். புலவர் என்னைக் கூப்பிட்டு, "நீ பேசவே வேண்டாம்வே. நான் சொன்னதையே திருப்பிச் சொல்லு" என்றார். உட்கார்ந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது, ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. எல்லாரும் புலவரைத்தான் பார்ப்பார்கள். ஆமா சொல்கிறவனை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் அங்கே உட்கார்ந்தபிறகு எனக்கு யோசனைகள் வர ஆரம்பித்தன. இந்த ஆமாவை நான் யாருக்குச் சொல்கிறேன்? புலவருக்குக் கதை தெரியும். எனக்கும் தெரியும். கோவிலுக்குள் இருக்கும் அம்மனுக்கு அது அவளுக்கே நடந்த கதை. பிறகு எதற்கு ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆமா, ஆமா என்று சொல்லவேண்டும்? ஒரு வருஷம் நடுவில் எனக்கு இருமல் வந்துவிட்டது. ஆமா வராததால் புலவர் வீசுகோலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். என் இருமல் தீரும்வரை ஏழு அண்ணன்மாரும் ஆற்றங்கரையில் அப்படியே நின்றார்கள். தங்கச்சியும் நின்றாள். நடந்து முடிந்த கதை என்றால் ஒருவனுடைய இருமலுக்காக ஏன் நிற்கிறது?

இந்தக் கதையைக் கொடை இல்லாத நாளில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். சொன்னால், கூப்பிட்டார்கள் என்று அம்மன் வந்து நிற்பாள், வந்தவளைப் பூஜை இல்லாமல் திருப்பி அனுப்ப முடியாது. அதனால் வீட்டில் நான் இதைப் பேசியதே இல்லை. எழுதலாமா என்று புலவரிடம் கேட்டேன். "எழுத்துக்குச் சத்தம் கிடையாதே" என்றார். அந்தத் தைரியத்தில் தேவையான அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணை அண்ணன்மார் கல்யாண வீட்டுக்குப் போகலாம் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போவார்கள். ஆற்றின் நடுவே ஒரு பாறையில் அவளை விட்டுவிட்டு வந்துவிடவேண்டும், வெள்ளம் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் திட்டம். வீட்டில் அது அம்மாவுக்கு மட்டும் தெரியும். புறப்படும்போது பெண் வாசலில் திரும்பி நின்று, "உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்மா?" என்று கேட்பாள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பதில் சொல்லமாட்டாள். பெண் மறுபடி கேட்பாள். மறுபடியும். இதற்கு வாசல் பாட்டு என்று பெயர். உடுக்கையின் தாளம் இந்த இடத்தில் மெதுவாகிவிடும். ஒரே கேள்வியைப் புலவர் பத்துப் பன்னிரண்டு விதமாகப் பாடுவார்.

அந்த இடத்தில்தான் என் மனைவிக்குச் சாமி வரும்.

அவள் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறாள். என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவள். எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம் என்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் குழாயில் தண்ணீர் வரும்போதுதான் தெரியும். கொடை அன்றைக்கு மட்டும் கமிட்டியார் அவள் இடுப்பில் சிவப்புப் பட்டுத் துணியைக் கட்டி, கையில் பிரம்பைக் கொடுத்து, முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். வாசல் பாட்டு தொடங்கியதும் அவளுடைய வலது கால் பெருவிரல் முதலில் நடுங்கும். நான் மேடையிலிருந்து அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு எழுவாள். "எங்கல என் அண்ணன்மாரு? ஏழு பேரையும் கொண்டுவா!" என்று அவள் கேட்கும் குரல் தொண்ணூறு அடி ரோடு வரைக்கும் கேட்கும். பெண்கள் குலவையிடுவார்கள். உடுக்கை வேகம் பிடிக்கும். தெருவே எழுந்து நிற்கும். அந்தச் சத்தத்துக்கு அடியில் புலவர் மீதிக் கதையைப் பாடி முடிப்பார், நானும் ஆமா போடுவேன். மேடையில் இருக்கும் நாலு பேரைத் தவிர வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது.

பதினெட்டு வருஷம் இப்படி நடந்தது. எனக்கு அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"சாமி வந்திருக்கும்போது நீ எங்க இருக்க?"

அவள் யோசித்தாள். "உங்க ஜால்ரா சத்தம் தூரமாப் போயிட்டே இருக்கும். அப்புறம் ஒண்ணும் இல்ல. மூஞ்சில தண்ணி தெளிச்சதும் முழிச்சுப் பாப்பேன்."

"பயமா இருக்காதா?"

"இல்லாத இடத்துல என்ன பயம்?"

போன வருஷம்தான் சிக்கல் வந்தது. ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவது கஷ்டமாகிவிட்டது. கமிட்டியின் புதுச் செயலாளர் கூரியர் தொழில் செய்கிற பையன். பொறுப்பானவன், ஆனால் எதையும் நிமிஷக் கணக்கில்தான் பார்ப்பான். "மாமா, பாரா பஜே, பன்னெண்டுக்குப் பூஜை. ஒரு மினிட் இதர் உதர் ஆகக்கூடாது" என்று புலவரிடம் சொல்லிவிட்டான். புலவர் வாசல் பாட்டை வெட்டினார். கல்யாணத்துக்குப் புறப்பட்டார்கள் என்றார், அடுத்த அடியில் ஆற்றங்கரை வந்துவிட்டது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வெள்ளமும் வந்துவிட்டது, அவளுக்கு ஒன்றும் வரவில்லை. எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் எழுந்து பொங்கல் பானைகள் இருக்கும் பக்கம் போய்விட்டாள். அதைப் பற்றிய முணுமுணுப்பில் மீதிக் கதை யார் காதிலும் விழவில்லை. சிவப்புப் பட்டோடு ஒருத்தி அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு குழாயடியில் பேச்சு.

"அம்மன் அவள விட்டுட்டா போலயே."

"பிரஷர் மாத்திர திங்காள்லா? மாத்திர தின்னா சாமி வருமா?"

"இத்தன வருஷமும் வந்துச்சா, இல்ல நம்மதான் வந்ததா நெனச்சமா?"

கடைசியாகச் சொன்னதுதான் அவளைக் குத்தியது. வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னாள், சொல்லிவிட்டு அரிசியைக் களைய ஆரம்பித்தாள். இந்த வருஷக் கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் மரியாதையாகத்தான் பேசினான். "அத்தைக்கு இந்தத் தடவையும் வரலேன்னா பட்டையும் பிரம்பையும் வேற யாருக்காவது குடுத்துருவோம். சும்மா கட்டி உக்காரவெச்சா அவங்களுக்குத்தான் சங்கடம்." அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டை வெட்டிவிட்டுச் சாமி வரவில்லை என்று சொன்னால் எப்படி? நான் எழுந்து அதைக் கேட்டிருக்கவேண்டும். கூட்டம் முடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவண்டிக்குப் போனேன். புலவர் அங்கே ஒரு ஏடிஎம்மில் காவலாளி. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசியபிறகு மெதுவாகச் சொன்னேன்.

"வாசல் பாட்ட இந்தத் தடவை பாடலாமா அண்ணாச்சி?"

"இருபது நிமிஷம் முழுங்கும்வே அது. அந்தப் பய கைக்கடியாரத்தக் காட்டுவான்."

"ரெண்டு சுத்தாவது..."

"ரெண்டு சுத்துப் பாடினா அது வாசல் பாட்டா? அவ கேக்கா, ஆத்தா பேசமாட்டேங்கா, மறுபடி கேக்கா, மறுபடி பேசமாட்டேங்கா. கேக்கிறவனுக்கு நெஞ்சு அறுக்கணும். அரைகுறையாப் பாடறதுக்குப் பாடாமலே இருக்கலாம்." பிறகு, "உன் வீட்டுக்காரிக்காகக் கேக்கியா?" என்றார். நான் தலையாட்டினேன். "வாறவ பாட்டு இல்லேன்னாலும் வருவா" என்று முடித்துவிட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பாட்டு இல்லாமல் அம்மன் வருவாள் என்றால் வருஷா வருஷம் எதற்குப் பாடுகிறோம்? பாட்டு இருந்தால்தான் வருவாள் என்றால் வருகிறது அம்மனா, பாட்டா? குர்லாவில் வண்டி மாறும்போதும் அது விடவில்லை. ஒருவேளை அம்மன் அந்தப் பாட்டில்தான் குடியிருக்கிறாளோ என்னவோ. கோவிலில் இருப்பது அவளுடைய விலாசம் மட்டும்தானோ.

என் பிழைப்பு மாட்டுங்காவில், ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்தில். லிப்ட் இயக்குகிறேன். மடக்குக் கதவு போட்ட பழைய லிப்ட். மூன்றாவது மாடியில் ஒரு மாமி இருக்கிறார், பாலக்காட்டுப் பக்கம். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் தம்புராவை மீட்டிக்கொண்டு தனியாகப் பாடுவார். லிப்ட் மேலே போகும்போது அந்தச் சத்தம் தலைக்கு மேலிருந்து இறங்கி, காதுக்கு நேராக வந்து, காலுக்குக் கீழே போய்விடும். ஒரே வரியை அவர் எத்தனை தடவை பாடுவார் என்று சொல்ல முடியாது. நான் நாலு தடவை ஏறி இறங்கிய பிறகும் அதே வரியில் நிற்பார். முன்பெல்லாம் மறந்துபோய்த் திரும்பப் பாடுகிறார் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் எங்கள் வாசல் பாட்டும் அப்படித்தானே என்று தோன்றியது.

கொடைக்கு லீவு கேட்ட அன்று மாமி லிப்டில் வந்தார்.

"எதுக்குப்பா லீவு? ஊருக்கா?"

"இல்ல மாமி. கோவில் கொடை. வில்லுப்பாட்டு இருக்கு."

"நீ பாடுவியோ? இத்தன நாளாச் சொல்லவே இல்லையே!"

"பாடமாட்டேன். ஆமா சொல்லுவேன்."

மாமி சிரித்துவிட்டார். "அதுக்கு ஒரு ஆளா? எங்காத்துக்காரரக் கூட்டிண்டு போயிருக்கலாம். நாப்பது வருஷமா அதத்தான் சொல்லிண்டிருந்தார்." மூன்றாவது மாடி வந்தது. கதவை மடக்கினேன். இறங்கியவர் நின்று, "எப்பவாவது ஆமா சொல்லாம வேற எதாவது கேட்டிருக்கியோ அந்தப் புலவர?" என்றார்.

"இல்ல மாமி."

"கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும் அவர், மைக்குல?"

சும்மா கேட்டார். சாவியைத் தேடிக்கொண்டே உள்ளே போய்விட்டார். நான் கதவை மூடாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாவது மாடிக்காரர் மணியடித்துத் திட்டிய பிறகுதான் லிப்ட் நகர்ந்தது.

கொடை அன்று மழை. தெருவுக்கு மேலே நீலத் தாட்பத்திரித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அது அங்கங்கே வயிறு தள்ளித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாராவது கம்பால் குத்தி ஓரமாக வழித்துவிடுவார்கள். பத்தரைக்கு ஆரம்பித்தோம். என் மனைவி பட்டு கட்டி, முன்வரிசையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று காலை மாத்திரை போடவில்லை என்பது எனக்குத் தெரியும். டப்பாவைத் திறந்து பார்த்திருந்தேன்.

அண்ணன்மார் கூடிப் பேசினார்கள். பொய் சொன்னார்கள். அவளுக்குப் புதுச்சேலை வந்தது. புலவர் வீசுகோலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏழு பேரும் தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்கு வந்தாங்களாம்."

நான் ஆமா சொல்லவேண்டும். சொல்லவில்லை.

புலவர் திரும்பவில்லை. ஜால்ராக்காரன் தூங்கிவிட்டான் என்று நினைத்திருப்பார். "ஆத்தங்கரைக்கு வந்தாங்களாம்" என்று இன்னும் உரக்கச் சொன்னார்.

மைக் என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஜால்ராவை மடியில் வைத்தேன். எங்கிருந்தோ என் குரல் கேட்டது.

"அம்மாகிட்டச் சொல்லாமலா வந்தா?"

தெரு முழுக்க அது கேட்டது. எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "அதான கேக்காரு! சொல்லாமலா வருவா ஒரு பொம்பளப் பிள்ள?" என்றாள். சிரிப்பு எழுந்தது.

புலவர் இப்போது திரும்பினார். அந்தப் பார்வையை இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் வில்லுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையில் கேட்ட கேள்விக்கு மேடையிலேயே பதில் வரவேண்டும். பதில் சொல்லாமல் தாண்டினால் புலவருக்குக் கதை தெரியாது என்றாகிவிடும்.

"சொல்லாம வருவாளாவே? சொன்னா" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ன சொன்னா?" என்றேன்.

உடுக்கைக்காரர் சிரித்துக்கொண்டே உடுக்கையின் நாடாவை இழுத்துப் பிடித்து, யாரும் சொல்லாமலே, அந்த மெதுவான தாளத்தை ஆரம்பித்துவிட்டார். செயலாளர் கூட்டத்துக்குப் பின்னால் கையை உயர்த்தி மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். புலவர் அவனையும் பார்த்தார், கோவிலையும் பார்த்தார். கண்ணை மூடினார். வாசல் பாட்டு தொடங்கியது.

கோபத்தில் ஆரம்பித்ததால் குரல் முதலில் கரடுமுரடாக இருந்தது. மூன்றாவது சுற்றில் கோபம் போய்விட்டது. "உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்மா" என்பதை அவர் கீழே இறக்கி, கிட்டத்தட்டப் பேச்சாகவே சொன்னார். நான் என் மனைவியின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது சுற்று. ஐந்தாவது. விரல் அசையவில்லை. அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. வா, வா என்று அவள் கூப்பிடுவது எனக்கே கேட்பதுபோல் இருந்தது. நானும் கூப்பிட்டேன். விரல் நடுங்கவில்லை.

ஏழாவது சுற்றில் பின்வரிசையில் ஒரு சத்தம். ஒரு பெண் எழுந்து நின்றாள். எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். கோவண்டியில் பிறந்து வளர்ந்தவள், இந்தியில் படித்தவள். மாமியாரிடம்கூடப் பாதி இந்தியில்தான் பேசுவாள். அவள் உடம்பு வில்லின் நாண் மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது.

"பானி!" என்றாள். "முஜே பானி தோ!"

கூட்டம் விழித்தது. அம்மன் கேட்கிறாளா, வெயிலில் மயங்குகிற பெண் கேட்கிறாளா என்று தெரியவில்லை. வெயிலும் இல்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அம்மன் இந்தி பேசுமாடே?" என்றார்.

"இத்தன வருஷமா தாராவில இருக்கா. கத்துக்கிட மாட்டாளா?" என்றார் மற்றவர்.

யாரும் பக்கத்தில் போகவில்லை. எல்லாரும் என் மனைவியைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்திருந்தாள். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பார்த்தமாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உள்ளே போய் வந்தவளுக்கு அந்த இடம் அடையாளம் தெரியும்தானே.

எழுந்து போனாள். தன் இடுப்பிலிருந்த பட்டை அவிழ்த்து அந்தப் பெண்ணின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். பிரம்பைக் கையில் வைத்தாள். கமிட்டிக்காரர்கள் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, சாமி இல்லாத தன் சொந்தக் குரலில், நான் அதுவரை வெளியே கேட்டிராத சத்தத்தில், "என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? தண்ணி கேக்கா, குடுங்க!" என்றாள்.

மஞ்சள் தண்ணீர் வந்தது. அந்தப் பெண் ஒரு செம்பு முழுவதையும் குடித்தாள். அவள் ஆடவில்லை, அண்ணன்மாரைக் கேட்கவில்லை. குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். குலவைச் சத்தம் எழுந்து உடனே அடங்கிவிட்டது. என் மனைவி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பொங்கல் பானைப் பக்கம் போகவில்லை.

அதனால் இந்த வருஷம்தான் தெரு அமைதியாக இருக்கும்போது மீதிக் கதை பாடப்பட்டது. பாறை வந்தது, வெள்ளம் வந்தது. அவள் போய்ச் சேர்ந்தாள். பிறகு ஒரு மழைநாளில் அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். அண்ணன்மார் பயந்து உள்ளே ஒளிந்துகொள்கிறார்கள். அம்மாதான் திறக்கிறாள். ஏழு பேரையும் பெண் கேட்கவில்லை. "தல நனஞ்சுபோச்சும்மா. துவட்டி விடு" என்கிறாள். அம்மா முந்தானையால் துவட்டுகிறாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. தலை காய்வதற்குள் விடிந்துவிடுகிறது. விடிந்தபோது அம்மாவின் கையில் ஈரச் சேலை மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் அண்ணன்மார் கோவில் கட்டுகிறார்கள்.

நான் ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் எதிரே என் மனைவி வாயை லேசாகத் திறந்துகொண்டு ஒவ்வொரு சொல்லாக வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, எனக்கும் முதல் தடவை கேட்கிற மாதிரிதான் இருந்தது.

பூஜை இருபது நிமிஷம் தாமதம். செயலாளர் என்னிடம் வந்து, "மாமா, நீங்களுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். புலவர் வில்லிலிருந்து மணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் குடத்தைத் துடைப்பதுபோலப் பக்கத்தில் நின்றேன்.

"ரெண்டாவது கேள்வி எதுக்குவே?" என்றார் நிமிராமல். "மொதக் கேள்விக்கே பாடியிருப்பேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். பிறகு எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். பட்டு போனதைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். வேறு சொன்னாள்.

"சாமி வரும்போது நான் எந்திரிச்சு என்ன கேப்பேன்?"

"அண்ணன்மார எங்கன்னு கேப்ப. ஏழு பேரையும் கொண்டுவான்னு கத்துவ."

"கோவமாவா?"

"ரொம்பக் கோவமா."

"அவ கதையில கோவப்படவே இல்லையே" என்றாள். "துவட்டி விடத்தான சொன்னா."

பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்போ பதினெட்டு வருஷம் நான் ஆடினது யாரு கோவம்?" என்றாள்.

அவளுக்கும் அண்ணன்மார் உண்டு. மூன்று பேர். கல்யாணம் முடிந்து எங்களை ரயில் ஏற்றிவிட்டதோடு சரி, பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்டேஷனுக்கு அவள் அம்மா வரவில்லை. இது எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்ததா என்று தெரியவில்லை. அம்மன் அவளுடைய கோபத்தை இரவல் வாங்கினாளா, இவள் அம்மனுடைய வாயை இரவல் வாங்கினாளா? இரண்டில் எது என்றாலும் அது பொய் ஆகுமா? பொய் என்றால் பதினெட்டு வருஷம் அந்தப் பெருவிரல் எப்படி நடுங்கியது? அது நடிப்பில் வருகிற நடுக்கம் இல்லை. நாலடி தூரத்திலிருந்து பார்த்தவன் நான்.

"பட்டு போனதுல வருத்தமா?" என்றேன்.

"இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா அது இருந்திருந்தா கதையக் கேட்டிருக்க மாட்டேன்லா?"

பிறகு அவளே, "தல துவட்டும்போது ஆத்தா ஏதோ சொல்லுவாளே, தாட்பத்திரில மழை அடிச்சதுல சரியாக் கேக்கல. என்ன சொன்னா?" என்றாள்.

எனக்கு அந்த அடி தெரியும். ஆனால் கொடை முடிந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அவளுக்கும் அது தெரியும், கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கோவண்டியில எப்போ கொடை?" என்றாள்.

"ஆடி கடைசிச் செவ்வாய். அங்கயும் இதே கதைய நாங்கதான் பாடுதோம்."

அவள் எழுந்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் தாளைத் தூக்கிப் பார்த்தாள். விரலால் கட்டங்களைத் தொட்டு எண்ணினாள். சயான் ஸ்டேஷனில் எத்தனை மணி வண்டியைப் பிடித்தால் முன்வரிசையில் இடம் கிடைக்கும் என்று கேட்டாள்.